பழைய ராணுவ ரைஃபிள் மேல இருக்கிற முத்திரைகளை எப்படிப் படிக்கிறது: முழுமையான வழிகாட்டி

பழைய ராணுவ ரைஃபிள் ஒன்னு கைக்கு வந்தா எல்லாரும் முதல்ல பாக்குறது ரிசீவர் (பேரலும் போல்ட்டும் வந்து சேர்ற நடு இரும்பு உடல்) மேல இருக்கிற பெரிய முத்திரையைத்தான், ஒரு கிரீடமோ கழுகோ நட்சத்திரமோ இருக்கும், அதைப் பாத்ததும் "இது இந்த நாட்டு ரைஃபிள், இந்த வருஷம்"னு முடிவு கட்டிடுவாங்க. பாதி குழப்பம் அங்கதான் ஆரம்பிக்குது. ராணுவ ரைஃபிள் ஒரே நாள்ல ஒரே இடத்துல எல்லா முத்திரையும் வாங்கினது கிடையாது. ஃபேக்டரில ஒன்னு, இன்ஸ்பெக்டர் பாஸ் பண்ணப்ப ஒன்னு, ராணுவம் எடுத்துக்கிட்டப்ப ஒன்னு, ரிப்பேருக்குப் போனப்ப ஒன்னு, எதிரி கையில சிக்கினப்ப ஒன்னு, கடைசியா வேண்டாம்னு வித்தப்ப ஒன்னுன்னு அடிச்சுக்கிட்டே வந்திருப்பாங்க. கைமாறக் கைமாறப் பின்பக்கம் சீல் ஏறிக்கிட்டே போற பழைய கிரயப் பத்திரம் மாதிரின்னு வச்சுக்கோங்க. அதனால எது முதல்ல அடிச்சது, எது அப்புறம் அடிச்சதுன்னு அடுக்கு அடுக்கா பிரிச்சுப் படிக்கணும். இந்த வழிகாட்டி முழுக்க அதைப் பத்திதான்.

முதல் வேலை: காலி பண்ணுங்க

மேகசின் காலியா, சேம்பர் (பேரலோட பின்முனையில தோட்டா உக்கார்ற அறை) காலியான்னு கண்ணாலயும் பாருங்க, விரல விட்டுத் தடவியும் பாருங்க. போல்ட்டை (சேம்பரை மூடித் திறக்கிற இரும்புத் தண்டு) கழட்டித் தனியா வைங்க. "எண்பது வருஷமா பரண்லதான் கிடந்துச்சு"ன்னு குடுத்தவர் சொன்னாலும் பாத்தே ஆகணும், பரண்ல கிடந்ததுல தோட்டா இருக்கக் கூடாதுன்னு எந்த விதியும் கிடையாது. உங்க நாட்டுல இதை வச்சுக்க லைசன்ஸ் வேணுமா, பதிவு பண்ணணுமாங்கிறதையும் இப்பவே தெரிஞ்சுக்கோங்க.

ரெண்டாவது: சுத்தம் பண்றேன்னு முத்திரையை அழிச்சுடாதீங்க

இதை நான் கெஞ்சியே கேக்குறேன். கம்பி பிரஷ், உப்புத்தாள், துரு எடுக்கிற ஆசிட், சுத்துற பாலிஷ் வீல், இதுல எதையும் கிட்ட கொண்டு போகாதீங்க. ஸ்டாக் மரத்துல இருக்கிற முத்திரை எல்லாம் சில சமயம் ஒரு மில்லிமீட்டர் ஆழம்கூட இருக்காது, ரெண்டு தடவை உப்புத்தாள் போட்டா போயே போச்சு, திரும்ப வரவே வராது. மரத்துல பள்ளம் விழுந்திருக்கேன்னு ஈரத்துணி போட்டு இஸ்திரிப் பெட்டியால ஆவி காட்டி எழுப்புவாங்க, அது பள்ளத்தோட சேத்து முத்திரையையும் எழுப்பிடும்.

கெட்டியா கிரீஸ் அப்பியிருந்தா அது பெரும்பாலும் காஸ்மோலின், கிடங்குல வைக்கிறப்ப துருப் பிடிக்காம இருக்கப் பூசினது. மினரல் ஸ்பிரிட்ல நனைச்ச துணியால மெதுவா துடைச்சா இரும்புல இருந்து வந்துடும். மரத்துல மட்டும் கொஞ்சம் கம்மியா, மேலாக.

அப்புறம் தேவையானது ஒரு டார்ச், ஒரு லென்ஸ், ஒரு போன் கேமரா. டார்ச்சை நேரா அடிச்சா எதுவும் தெரியாது, இரும்போட ஒட்டின மாதிரி சாய்ச்சு அடிங்க, பள்ளத்துல நிழல் விழுந்து எழுத்து மேல வரும். நாலு பக்கத்துல இருந்தும் அடிச்சு நாலு படம் எடுங்க. மங்கலா இருந்தா சாக்பீஸ் தூளையோ டால்கம் பவுடரையோ தடவித் துடைச்சா பள்ளத்துல மட்டும் வெள்ளையா நிக்கும். இரும்புக்கு ஒன்னும் ஆகாது.

மூணாவது: எங்கெங்க பாக்கணும்

எழுத்தைப் படிக்கிற அவசரம் இப்ப வேண்டாம். முதல்ல எங்க எல்லாம் முத்திரை இருக்குன்னு ஒரு சுத்து சுத்தி வாங்க. ரிசீவர் வளையத்தோட மேல்பக்கம், ரெண்டு பக்கச் சுவர், பேரல் ரிசீவரோட சேர்ற இடம், போல்ட் கைப்பிடி அடி, மேகசின் அடித் தகடு, டிரிகர் கார்டு, பின்சைட், முன்னாடி மூக்கு, பட்பிளேட் (ஸ்டாக்கோட பின்முனைத் தகடு), ஸ்டாக்கோட ரெண்டு பக்கம். லீ-என்ஃபீல்டுன்னா பட் சாக்கெட், அதாவது கை பிடிக்கிற இடத்துல இருக்கிற இரும்புப் பட்டையை மறந்துடாதீங்க, எஸ்எம்எல்இ-யோட (ஷார்ட் மேகசின் லீ-என்ஃபீல்டு) பிறப்புச் சான்று அங்கதான் வலது பக்கம் இருக்கும். அதுக்குப் பிந்தின லீ-என்ஃபீல்டான நம்பர் 4 ரைஃபிள்னா மாடல் பேர் ரிசீவரோட இடது சுவர்லயும், சீரியல் நம்பர் சாக்கெட்டோட இடது பக்கமும் வரும்.

மரத்துக்கு அடியில மறைஞ்சு கிடக்கிறதும் நிறைய. ஸ்டாக்கைக் கழட்டத் தெரிஞ்சா, சரியான அளவு ஸ்க்ரூடிரைவர் இருந்தா மட்டும் கழட்டுங்க. பொருந்தாத டிரைவரைப் போட்டு ஸ்க்ரூ தலையைச் சிதைச்சுட்டா அது ரைஃபிளோட முகத்துலயே காயம். சுவிட்சர்லாந்து கே31 கைக்கு வந்தா பட்பிளேட்டைக் கழட்டிப் பாக்காம விடாதீங்க, அதை வச்சிருந்த சோல்ஜரோட பேரும் ஊரும் எழுதின ஒரு சின்ன சீட்டு பல ரைஃபிள்கள்ல உள்ள இருக்கும். அந்தச் சீட்டை எடுத்துப் படம் பிடிச்சுட்டு திரும்ப அதே இடத்துல வச்சுடுங்க.

நாலாவது: யார் செஞ்சது, எப்ப செஞ்சது

இங்கதான் ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு வழி வச்சிருக்கு, நேரம் குடுத்துப் படிங்க.

ரஷ்ய மோசின்-நாகன்ட். 1891ல ஏத்துக்கிட்டது, அதனால ஜார் காலமும் சோவியத் காலமும் ரெண்டும் இதுல வரும். டூலா ஃபேக்டரின்னா சோவியத் காலத்துல நட்சத்திரத்துக்குள்ள ஒரு அம்பு, இஷெவ்ஸ்க்னா முக்கோணத்துக்குள்ள அம்பு. அதுக்கு முன்னாடி டூலாவுக்குச் சுத்தியல், இஷெவ்ஸ்குக்கு வில்லும் அம்பும். வருஷத்துக்குப் பின்னாடி ஒரு சின்ன எழுத்து இருக்கும், பாக்க ஆங்கிலச் சின்ன ஆர் மாதிரியே இருக்கும், அதை மாடல் பேருன்னு நினைச்சுக்குறவங்க ஏராளம், அது வருஷம்ங்கிறதோட சுருக்கம் மட்டும்தான். முதல் உலகப் போர்ல ரஷ்யாவுக்காக அமெரிக்காவுல ரெமிங்டனும் நியூ இங்கிலாண்ட் வெஸ்டிங்ஹவுஸும் மோசின் செஞ்சு குடுத்தாங்க, அதனால ரெமிங்டன் பேர் போட்ட மோசினைப் பாத்தா போலின்னு நினைச்சுடாதீங்க.

ஜெர்மன் கே98கே. இங்க பேரே இருக்காது, ரகசியக் குறியீடுதான். யார் எவ்வளவு செய்றாங்கன்னு வெளிய தெரியக் கூடாதுன்னு அப்படி ஒரு ஏற்பாடு. ஓபர்ன்டார்ஃப் மவுசர் ஃபேக்டரிக்கு ஆரம்பத்துல எஸ்/42, அப்புறம் வெறும் 42, 1941ல இருந்து பி-ஒய்-எஃப், போர் முடியுற கட்டத்துல எஸ்-வி-டபிள்யூ. ரொம்ப ஆரம்பத்துல வருஷத்தையும் மறைச்சாங்க, கே எழுத்துன்னா 1934, ஜி எழுத்துன்னா 1935. ஸ்டெய்ர் ஃபேக்டரி 660ல ஆரம்பிச்சு பி-என்-இஸட் ஆச்சு, சாவர் 147ல இருந்து சி-இ ஆச்சு, செக் நாட்டு பெர்னோ ஃபேக்டரி ஆக்கிரமிப்புக் காலத்துல டி-ஓ-டி. இதுக்கு நேர்மாறா முதல் உலகப் போர் கெவேர் 98ல டான்சிக், ஸ்பாண்டவ், எர்ஃபர்ட், ஆம்பெர்க்னு பேரே முழுசா, மேல கிரீடத்தோட இருக்கும்.

பிரிட்டிஷ் எஸ்எம்எல்இ-ல சாக்கெட் மேல கிரீடம், அதுக்கு அடியில ராஜாவோட முதலெழுத்து, அப்புறம் ஃபேக்டரி பேர், வருஷம், கடைசியா மார்க், அதாவது மாடலோட பதிப்பு எண். என்ஃபீல்டு, பி.எஸ்.ஏ. கோ., எல்.எஸ்.ஏ. கோ., ஆஸ்திரேலியாவுல லித்கோ, இந்தியாவுல இச்சாப்பூர். இச்சாப்பூர்ல செஞ்சதுல ஜி.ஆர். மட்டும் இல்லாம ஜி.ஆர்.ஐ.னு இருக்கும், இந்தியாவுக்கு அந்த ராஜா பேரரசர்ங்கிறதால அந்தக் கடைசி எழுத்து. சுதந்திரத்துக்கு அப்புறம் கிரீடம் போய் அசோகச் சிங்கமும் ஆர்.எஃப்.ஐ.ங்கிற (ரைஃபிள் ஃபேக்டரி இச்சாப்பூர்) எழுத்தும் வந்துச்சு. நம்பர் 4ல ஃபசக்கர்லி, மால்ட்பி, பி.எஸ்.ஏ.வோட ஷெர்லி ஃபேக்டரி (இதுக்கு எம்47-ன்னு தொடங்குற குறியீடு), கனடாவுல லாங் பிராஞ்ச், அமெரிக்காவுல சாவேஜ். சாவேஜ் செஞ்சதுல யு.எஸ். பிராப்பர்ட்டின்னு அடிச்சிருக்கும், கடனா குடுத்த சரக்குங்கிறதால அப்படி, அமெரிக்க ராணுவம் வச்சிருந்ததுன்னு அர்த்தம் இல்ல. சீரியல் நம்பர்ல சி இருந்தா சாவேஜ், எல் இருந்தா லாங் பிராஞ்ச், எழுத்து தேஞ்சுபோன ரைஃபிள்ல இந்த ஒரு விஷயம் பெரிய உதவி.

அமெரிக்க எம்1 கேரண்ட்ல ரிசீவரோட பின்பகுதியில எல்லாமே வெளிப்படையா எழுதியிருக்கும். ஸ்பிரிங்ஃபீல்டு ஆர்மரி, வின்செஸ்டர், இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர், ஹாரிங்டன் அண்ட் ரிச்சர்ட்சன், இந்த நாலுதான். பேரலோட வருஷமும் மாசமும் வலது பக்கம், ஆபரேட்டிங் ராடைப் பின்னாடி இழுத்தாத்தான் கண்ணுல படும். ரிசீவர் 1943, பேரல் 1950கள்னு வந்தா நடுவுல ஆர்செனல்ல புதுப் பேரல் போட்டிருக்காங்க.

ஜப்பான் அரிசாகா. ரிசீவர் மேல பதினாறு இதழ் கிரிசாந்திமம் பூ, அது பேரரசரோட சொத்துங்கிற அடையாளம். நிறைய ரைஃபிள்ல அந்தப் பூவைத் தேச்சு அழிச்சிருப்பாங்க, 1945ல சரணடைஞ்சப்ப ஒப்படைச்சதுல அப்படி நடந்துச்சு. பூ முழுசா இருந்தா அதுக்கு முன்னாடியே போர்க்களத்துல கைப்பற்றினதா இருக்கலாம், அது வலுவான குறிப்புதான், ஆனா அது ஒன்னே சாட்சி ஆகாது. பூவுக்கு அடியில செங்குத்தா இருக்கிற எழுத்து மாடல் எண். டைப் 38ங்கிறது மெய்ஜி ஆட்சியோட 38வது வருஷம், நம்ம கணக்குக்கு 1905. டைப் 99ங்கிறது ஜப்பான் பேரரசுக் கணக்குல 2599, அதாவது 1939. அது மாடல் வந்த வருஷம், உங்க ரைஃபிள் செஞ்ச வருஷம் இல்ல. செஞ்ச வருஷத்தை நெருங்கணும்னா சீரியல் நம்பருக்கு இடது பக்கம் வட்டத்துக்குள்ள இருக்கிற ஜப்பானிய எழுத்தையும், வலது பக்கம் இருக்கிற ஃபேக்டரிச் சின்னத்தையும் சேத்துப் பாக்கணும்.

வருஷக் கணக்கு மத்த இடங்கள்லயும் ஏமாத்தும். இத்தாலி கார்கானோவுல சாதா வருஷத்தோட ரோமன் எண்ணும் இருக்கும், அது 1922 அக்டோபர் கடைசில ஆரம்பிச்ச ஃபாசிச ஆட்சிக் கணக்கு, இருபதுன்னு இருந்தா 1941 கடைசியில இருந்து 1942 அக்டோபர் வரைக்கும். ஈரானுக்காக பெர்னோவுல செஞ்ச மவுசர்ல 1309 மாதிரி எண்ணு வந்தா அது அவங்க சூரிய நாள்காட்டி, 621 கூட்டுங்க, 1930 வரும். துருக்கி மவுசர்ல 1928 எழுத்து மாற்றத்துக்கு முந்தினதுன்னா எண்ணே அரபு வடிவத்துல இருக்கும்.

அஞ்சாவது: சீரியல் நம்பர்

சீரியல் நம்பரை மட்டும் வச்சு வருஷம் கேக்குறது பல ரைஃபிள்களுக்கு நடக்காத காரியம். கே98கே-ல ஒவ்வொரு ஃபேக்டரியும் ஒவ்வொரு வருஷமும் நம்பரை ஒன்னுல இருந்து திரும்ப ஆரம்பிச்சது. பத்தாயிரம் வந்ததும் அடியில ஏ எழுத்து, அடுத்த பத்தாயிரத்துக்கு பி, அப்படியே போகும். அதனால 4512ன்னு மட்டும் சொன்னா அது எந்த ரைஃபிளாவும் இருக்கலாம், ஃபேக்டரி குறியீடு, வருஷம், நம்பர், அடியெழுத்து நாலும் சேந்தாத்தான் ஒரே ஒரு ரைஃபிள். எழுத்தைக் கவனிக்காம விட்டுட்டுப் பட்டியல்ல தேடி மண்டையை உடைச்சுக்கிறவங்க நிறைய.

அடுத்தது மேட்சிங் நம்பர். முக்கிய பாகங்கள் எல்லாத்துலயும் அதே நம்பரோ அதோட கடைசி ரெண்டு மூணு எண்ணோ இருந்தா ரைஃபிள் பிறந்தப்ப இருந்த பாகங்களோட இருக்குன்னு அர்த்தம். எஸ்எம்எல்இ-ல பேரல், ரிசீவர், போல்ட் கைப்பிடியோட பின்பக்கம், மூக்கு, பின்சைட் அடி, மரத்தோட அடின்னு அஞ்சாறு இடத்துல தேடணும். மோசின்ல பேரல், போல்ட், மேகசின் அடித் தகடு, பட்பிளேட் நாலும்.

நம்பர் ஒத்துப் போறது மட்டும் போதாது, எப்படி எழுதினதுங்கிறதையும் பாருங்க. இந்த இடத்துல அவசரப்பட்டா மொத்தக் கணக்கும் தப்பாயிடும். சோவியத் ரிப்பேர்க் கிடங்குகள்ல பிரிச்சுப் போட்ட பாகங்களை கிடைச்சதைக் கிடைச்சதோட சேத்துப் பூட்டி, பழைய நம்பரை அடிச்சுட்டோ தேச்சுட்டோ புது நம்பரை எழுதினாங்க. சில நேரம் மின் பேனாவால கீறினாங்க, கையெழுத்து மாதிரி கோடு ஓடும். அடிச்ச நம்பர்னா ஒவ்வொரு எண்ணும் ஒரே ஆழத்துல, அச்சு மாதிரி நிக்கும். பேரல்ல ஒரு எழுத்து பாணி, போல்ட்ல இன்னொரு பாணின்னா அப்புறம் மேட்ச் பண்ணினது. அது கெட்டதுன்னு சொல்லல, ராணுவமே செஞ்சதுதான், ஆனா "ஒரிஜினல் மேட்சிங்"னு விலை சொன்னா ஒத்துக்காதீங்க.

ஆறாவது: சின்னச் சின்ன இன்ஸ்பெக்டர் முத்திரை

இதுல மாட்டிக்கிட்டு நாள் கணக்கா உக்காந்திருப்பாங்க. உண்மையில பெரும்பாலான குட்டி முத்திரை "இந்த பாகத்தைப் பாத்தேன், சரியா இருக்கு"ன்னு ஒருத்தர் அடிச்சதுதான், அதுல இருந்து ஆளைக் கண்டுபிடிக்கிறது நடக்காது. ஆனா சிலது உதவும். ஜெர்மன் கழுகுக்கு அடியில இருக்கிற எண் எந்த ஃபேக்டரிக்குப் பொறுப்பான ஆய்வு அலுவலகம்னு சொல்லும், ஓபர்ன்டார்ஃப்னா 135 அல்லது 655. பி-ஒய்-எஃப் ரிசீவர்ல சம்பந்தமில்லாத எண் தனியா ஒரு பாகத்துல வந்தா அந்தப் பாகம் வேற எங்கயோ இருந்து வந்திருக்கலாம். பிரிட்டிஷ்ல கிரீடம், எண், எழுத்துன்னு மூணு அடுக்கு, கடைசி எழுத்து ஈ-ன்னா என்ஃபீல்டு இன்ஸ்பெக்டர். கேரண்ட்ல பாகத்துக்குப் பாகம் டிராயிங் எண் இருக்கும், போல்ட்ல டி28287, கடைசியில எஸ்.ஏ.ன்னா ஸ்பிரிங்ஃபீல்டு, டபிள்யூ.ஆர்.ஏ.ன்னா வின்செஸ்டர். ஸ்டாக்கோட இடது பக்கம் குறுக்கா வச்ச பீரங்கி சின்னமும் முதலெழுத்துகளும் கட்டத்துக்குள்ள இருந்தா அதைத் தொடவே தொடாதீங்க, அந்த ரைஃபிளோட மதிப்புல பெரிய பங்கு அந்தச் சதுர அங்குல மரத்துலதான் இருக்கு.

ஏழாவது: யாரோட சொத்து

செஞ்ச நாடு வேற, வச்சிருந்த நாடு வேறயா இருக்கலாம். அகல அம்பு முத்திரைன்னா பிரிட்டிஷ் அரசுச் சொத்து. அம்பு சி எழுத்துக்குள்ள இருந்தா கனடா, டி எழுத்தோட இருந்தா ஆஸ்திரேலியா. ஆஸ்திரேலிய பட்ல 2 எம்.டி. மாதிரி இருந்தா ராணுவ மாவட்டம், ரெண்டுன்னா நியூ சவுத் வேல்ஸ். லித்கோ மரத்துல எஸ்-எல்-ஏ-இஸட்னு பாத்தா அது டென்னிஸ் ராக்கெட் செய்ற ஸ்லாசெஞ்சர் கம்பெனி, போர்க் காலத்துல ரைஃபிளுக்கு மரம் செதுக்கினாங்க. நார்வேல ஜெர்மானியர் விட்டுட்டுப் போன கே98கே-களை எடுத்து .30-06க்கு மாத்தி ராணுவத்துக்கு ஒரு பேர், விமானப்படைக்கு ஒரு பேர்னு ரிசீவர்ல அடிச்சாங்க. யூகோஸ்லாவியா ஜெர்மன் ரைஃபிளைப் பிரிச்சு, கழுகையும் சின்னத்தையும் தேச்சுட்டு, தன்னோட முத்திரையையும் பிரெதுசேச்சே 44ங்கிற ஃபேக்டரிப் பேரையும் அடிச்சு எம்98/48னு பேர் வச்சது. அதையும் புதுசாவே செஞ்ச எம்48ஐயும் போட்டுக் குழப்பிக்காதீங்க, எம்48 ரிசீவர் கொஞ்சம் நீளம் கம்மி, கே98கே போல்ட் அதுல பொருந்தாது.

ஒரே எழுத்து ஊருக்கு ஊர் வேற அர்த்தம் தர்றதும் இந்த அடுக்குலதான் அதிகம். எஸ்.ஏ. கட்டத்துக்குள்ள மோசின் மேல இருந்தா ஃபின்லாந்து ராணுவம், 1942ல இருந்து அடிச்சது. அதே எஸ்.ஏ. அமெரிக்கப் பேரல்ல இருந்தா ஸ்பிரிங்ஃபீல்டு ஆர்மரி. வட்டத்துக்குள்ள பி-ன்னா கேரண்ட் ஸ்டாக்ல சுட்டுச் சோதிச்ச அடையாளம், சுவிஸ் ரைஃபிள்ல பி-ன்னா சர்வீஸ் முடிஞ்சு சோல்ஜருக்கே சொந்தமா குடுத்தது. முக்கோணத்துக்குள்ள அம்புன்னா இஷெவ்ஸ்க், முக்கோணத்துக்குள்ள 26ன்னா சீனாவோட டைப் 53. அதனால முத்திரையைத் தனியாக் கிள்ளி எடுத்துத் தேடாதீங்க, எந்த மாடல்ல எந்த இடத்துல இருக்குங்கிறதையும் சேத்துத்தான் தேடணும்.

ஸ்வீடன் எம்/96 மவுசரோட பட்ல வலது பக்கம் ஒரு பித்தளை வட்டம் இருக்கும். எனக்கு இந்த மொத்த உலகத்துலயே ரொம்பப் பிடிச்ச முத்திரை அதுதான். பேரலோட உள்விட்டம் எவ்வளவு, உள்பக்கம் எந்த நிலைமையில இருக்கு, எந்தத் தோட்டாவுக்கு எவ்வளவு மேல கீழ அடிக்கும்னு ஆர்மரர் அதுலயே குறிச்சு வச்சிருப்பார். அப்புறம் வட்டத்தை மாத்தியிருக்கலாம், பேரலும் தேஞ்சிருக்கலாம், அதனால பேரலை உள்ள பாத்து ஒத்துப்போகுதான்னு பாத்துக்கோங்க.

எட்டாவது: ரிப்பேர், மாற்றம், "சுடாதே" முத்திரை

உயிர் சம்பந்தப்பட்டது இதுதான், நிதானமாப் படிங்க.

பிரிட்டிஷ்ல எஃப்.டி.ஆர். பக்கத்துல வருஷத்தோட இருந்தா ஃபேக்டரிக்குத் திரும்பப் போய் முழுசாப் புதுப்பிச்சது, நல்ல செய்தி. நம்பர் 4ல மார்க் 1/2, மார்க் 1/3ன்னு பின்னம் மாதிரி இருந்தா பழைய மார்க்கை மாத்தி மார்க் 2 டிரிகர் அமைப்பு வச்சிருக்காங்க. ஆனா டி.பி.ன்னு (டிரில் பர்பஸ்) இருந்தா பரேடுக்கு மட்டும், அதைச் சுடவே கூடாது. ரைஃபிள் தேறாதுன்னு ராணுவமே எழுதி வச்சதை நாம மீற வேண்டாம். ஜப்பான்ல பள்ளிப் பயிற்சிக்குன்னே செஞ்ச ரைஃபிள் உண்டு, பேரல் உள்ள ரைஃப்லிங்கே (தோட்டாவைச் சுழல வைக்கிற சுருள் வரி) இல்லாம வழவழன்னு இருக்கும், நிஜத் தோட்டா போட்டா வெடிச்சுடும்.

அமெரிக்க எம்1903ல சீரியல் நம்பரே எச்சரிக்கை. ஸ்பிரிங்ஃபீல்டு செஞ்சதுல 8,00,000க்குக் கீழ, ராக் ஐலண்ட் செஞ்சதுல 2,85,507க்குக் கீழ இருந்தா பழைய முறையில சூடு குடுத்துக் கடினப்படுத்தின ரிசீவர், சிலது கண்ணாடி மாதிரி நொறுங்கி வெடிச்சிருக்கு. அதை அலமாரியில வச்சு ரசிங்க, அதோட விட்டுடுங்க.

கேலிபர் மாறின ரைஃபிளும் அப்படித்தான். இச்சாப்பூர் 2ஏ, 2ஏ1 ரெண்டும் தூரத்துல பாத்தா எஸ்எம்எல்இ மாதிரியே இருக்கும், ஆனா 1960கள்ல 7.62 நேட்டோ தோட்டாவுக்குன்னே செஞ்சது, மேகசின் கொஞ்சம் சதுரமா இருக்கும். இஸ்ரேல் வச்சிருந்த கே98கே-களை 7.62க்கு மாத்தி பெருசா எண்ணு போட்டாங்க. ஃபிரான்ஸ் லெபெல்ல N-ங்கிற ஆங்கில எழுத்து இருந்தா 1932 மாடல் புதுத் தோட்டாவுக்குச் சேம்பரை மாத்தினது. எழுத்து என்ன சொன்னாலும் சரி, சுடறதுக்கு முன்னாடி ஹெட்ஸ்பேஸ் (போல்ட் முகத்துக்கும் சேம்பர்ல தோட்டா நிக்கிற இடத்துக்கும் நடுவுல உள்ள தூரம்) அளக்கிற கேஜ் வச்சிருக்கிற துப்பாக்கி மெக்கானிக் கையால ஒரு தடவை பாத்தே ஆகணும், எழுத்து அடிச்சதுக்கு அப்புறம் எத்தனை கை மாறுச்சுன்னு எழுத்துக்குத் தெரியாது.

சோவியத் ரிப்பேர்னா பாக்ஸுக்குள்ள குறுக்குக் கோடு. கைப்பற்றின ஜெர்மன் ரைஃபிள்ல கழுகைச் சுத்தியலால தட்டி மழுங்கடிச்சு, பல நேரம் ரிசீவர் பக்கத்துல ஒரு எக்ஸ் அடிச்சு, மரத்துக்குச் சிவப்பு ஷெல்லாக் பூசிக் கிடங்குல போட்டாங்க.

ஒன்பதாவது: வித்த கதை

பிரிட்டிஷ் ரைஃபிள்ல ரெண்டு அகல அம்பு நுனியோட நுனி முட்டிக்கிட்டு இருந்தா ராணுவச் சேவையில இருந்து வித்தாச்சுன்னு அர்த்தம். பேரல்ல 2.222ங்கிற எண்ணும் 18.5 டன்னும் சேந்து வந்தா அது பொதுமக்களுக்கு விக்கிறப்ப போட்ட பிரிட்டிஷ் சோதனை முத்திரை, .303 தோட்டாக் கூட்டோட நீளமும் தாங்குற அழுத்தமும். அமெரிக்கக் கேரண்ட்ல பிரிட்டிஷ் சோதனை முத்திரை வந்தா போர்ல பிரிட்டனுக்கு அனுப்பினது, அப்புறம் அங்க இருந்து வித்ததுன்னு புரிஞ்சுக்கலாம்.

அமெரிக்காவுல 1968 துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் ராணுவ உபரி இறக்குமதியை நிறுத்துச்சு, 1980களோட நடுவுலதான் திரும்பத் திறந்துச்சு. அதுக்கப்புறம் வந்ததுல இறக்குமதி செஞ்ச கம்பெனி பேர், ஊர், மாநிலம், மாடல், கேலிபர் எல்லாம் பொறிச்சிருக்கும், செயிண்ட் ஆல்பன்ஸ், வெர்மான்ட்னு சுருக்கமா இருந்தா சென்சுரி ஆர்ம்ஸ். இந்த எழுத்து இல்லாத ரைஃபிளைச் சோல்ஜர் நேரடியா வீட்டுக்குக் கொண்டு வந்ததுன்னு விக்கிறவங்க சொல்லுவாங்க. 1968க்கு முன்னாடி கப்பல் கப்பலா வந்ததுலயும் இந்த எழுத்து கிடையாது. ஆபீசர் கையெழுத்துப் போட்ட காகிதம் கூட இருந்தா நம்பலாம், கதையை மட்டும் நம்பிக் காசு குடுக்காதீங்க.

பத்தாவது: போலி முத்திரை

எதுக்கு விலை அதிகமோ அதைத்தான் போலி பண்ணுவாங்க, அதனால எஸ்.எஸ். முத்திரை, ஸ்னைப்பர் குறி, அரிய வருஷம் இதெல்லாம் பாத்தா சந்தோஷப்படுறதுக்கு முன்னாடி லென்ஸை எடுங்க. பெரும்பாலும் ஃபேக்டரில முத்திரை அடிச்ச அப்புறம்தான் ப்ளூயிங் (இரும்புக்கு ஏத்துற கருநீல நிறம்) ஏறும், அதனால பள்ளத்துக்குள்ளயும் வெளியவும் ஒரே நிறம், ஒரே தேய்மானம். பள்ளம் மட்டும் பளபளன்னு வெள்ளையா இருந்தா, இல்ல சுத்தி உலோகம் கூர்மையா எழும்பி நின்னா அது பிற்பாடு அடிச்சது. ராணுவமே பிற்பாடு அடிச்சதும் உண்டுன்னு மேல பாத்தோம், அதனால அந்த ரிப்பேர் கதையோட பொருந்துதான்னு கேளுங்க. மோசின் ஸ்னைப்பர்னு வந்தா ரிசீவரோட இடது பக்கம் துளையை அடைச்சு வெல்ட் பண்ணின தடம் இருக்கான்னு பாருங்க. ஸ்கோப்பைக் கழட்டிச் சாதா ரைஃபிளா மாத்தினதுக்கு அது நல்ல அடையாளம், புதுசா துளை போட்டு ஸ்கோப் மாட்டினதுக்கு நேர் எதிர்.

கடைசியா எழுதி வைங்க

ஒரு தாள்ல மேல இருந்து கீழ, அடிச்ச வரிசையில எழுதுங்க. எந்த இடம், என்ன முத்திரை, அடிச்சதா கீறினதா பொறிச்சதா, என்ன அர்த்தம், எவ்வளவு உறுதி. உதாரணத்துக்கு ஃபின்லாந்து எம்39 ஒன்னு வந்திருக்குன்னு வைங்க. பேரல்ல வி.கே.டி.யும் (ஃபின்லாந்து அரசு ரைஃபிள் ஃபேக்டரி) 1942ம், கட்டத்துக்குள்ள எஸ்.ஏ.வும் இருக்கு. பாத்ததும் 1942 ரைஃபிள்னு எழுதிடத் தோணும். ஸ்டாக்கைக் கழட்டி ரிசீவர் வாலோட அடியைப் பாருங்க, அங்க ரஷ்யாவுல ரிசீவர் செஞ்ச வருஷம் தனியா இருக்கும், ஃபின்லாந்து பழைய ரஷ்ய ரிசீவரை எடுத்துத்தான் இந்த ரைஃபிளைக் கட்டுச்சு. அது 1898 அல்லது அதுக்கு முன்னாடின்னா அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்துல அந்த ரைஃபிள் பழம்பொருள் கணக்குல போயிடும். அப்ப தாள்ல எழுத வேண்டியது: ரிசீவர் ரஷ்யா, 1890கள், அடிச்சது, உறுதி. பேரல் ஃபின்லாந்து ஜிவாஸ்கிலா, 1942, அடிச்சது, உறுதி. சொத்து ஃபின்லாந்து ராணுவம், 1942 அல்லது அதுக்கு அப்புறம். இறக்குமதி எழுத்து பேரல் அடியில, பொறிச்சது. போல்ட் நம்பர் ஒத்துப் போகல, ஹெட்ஸ்பேஸ் இன்னும் பாக்கல.